பன்னிரண்டு மைல் மேரிலாந்து

மாநில எல்லைக்கு முன்னால் நெல்டா க்ரௌஸ் வண்டியை ஓரம் கட்டினால் நாங்களும் ஓரம் கட்டியாக வேண்டும். வேறு வழியே கிடையாது. அவளுடையது முன்வண்டி. என்னுடையது ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அகலமான சரக்கு ஏற்றும் லாரி. கூப்பிடு தூரத்தில் எனக்கு முன்னால் அவள் தன் காரில் போவாள். கூரையில் மஞ்சள் விளக்கு சுழலும், பம்பரில் ஓர் உயரக் கம்பு நிற்கும். பாலத்தில் அந்தக் கம்பு உரசினால் என் சரக்கும் இடிக்கும் என்று அர்த்தம். உரசாவிட்டால் ரேடியோவில் "தாராளம், வா" என்பாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் இத்தனை வருஷம் பாலங்களுக்கு அடியில் போய் வந்திருக்கிறேன்.

இந்த நெல்டா தன் கோட்டுக்கு உள்ளே, வலது இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பாள். ஓஹையோ மாநிலத்தில் முறையாக எடுத்த லைசென்ஸ். பென்சில்வேனியாவில் அது செல்லும். மேற்கு வர்ஜீனியாவில் செல்லும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும் எங்கள் சாலையில், நடுவே மேரிலாந்து ஒரு கழுத்து மாதிரிக் குறுகிக் குறுக்கே கிடக்கிறது. பன்னிரண்டு மைல். ஊற்றிய காபி ஆறுவதற்குள் தாண்டிவிடலாம். அந்தப் பன்னிரண்டு மைலில் அவளுடைய லைசென்ஸ் செல்லாது.

அதனால் கிரீன்காஸில் லாரி நிறுத்தத்தில் ஊர்வலம் மொத்தமும் நிற்கும். நெல்டா இறங்கி டிக்கியைத் திறப்பாள். தோட்டாக்களைக் கழற்றுவாள், குழல் காலியா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பாள், துப்பாக்கியை ஓர் இரும்புப் பெட்டியிலும் தோட்டாக்களை இன்னொன்றிலும் வைத்துப் பூட்டுவாள். டிக்கியைச் சாத்துவாள். பிறகு ரேடியோவை எடுத்து, "பாப்பா தூங்கிட்டா" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் கியரைத் தொடலாம். பொடோமாக் ஆற்றைத் தாண்டி மேற்கு வர்ஜீனியாவுக்குள் நுழைந்ததும் மறுபடி நிற்போம். மறுபடி டிக்கி, மறுபடி பெட்டி. "பாப்பா எழுந்துட்டா."

எனக்கு வயிறெரியும். என் லாரியை நிறுத்தி மறுபடி கிளப்புவது என்ன, சைக்கிளா? அவளுக்கு அதெல்லாம் காதிலேயே ஏறாது.

பின்வண்டி ஓட்டுகிற ஹெர்ஷல் வாய் சும்மா இருக்காதவன். ஒரு தடவை ரேடியோவில் ஆரம்பித்தான்.

"ஏன் தாயே, பன்னிரண்டு மைலுக்கு இந்தக் கூத்து தேவையா? பாப்பாவ இடுப்புலயே வச்சுக்கிட்டுக் கமுக்கமாப் போயிட வேண்டியதுதானே? யாரு உன் கோட்ட தூக்கிப் பாக்கப் போறா?"

"வீட்ட விட்டுப் பன்னிரண்டு மைல் வந்துட்டா உனக்குக் கல்யாணமே ஆகலைன்னு ஆயிடுமா, ஹெர்ஷல்?"

"அது வேற, இது வேற."

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன் இரு."

அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை லாரிக்காரர்களும் சிரித்தார்கள். வின்செஸ்டர் ஊர் வரும்வரை ஹெர்ஷல் வாயைத் திறக்கவில்லை.

நெல்டாவைப் பார்த்தால் துப்பாக்கி வைத்திருக்கிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒடிசலான உடம்பு. செத்துப்போன புருஷனின் தடித்த மழைக்கோட்டை மாட்டிக்கொண்டால் கோட்டுக்குத்தான் கைகால் முளைத்திருக்கிறது என்று தோன்றும். ஓஹையோ ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பாதி ஆயுசைக் கழித்தவள். புருஷன் முன்வண்டி ஓட்டியவன். அவன் மாரடைப்பில் போனதும், காரும் கம்பும் சும்மா நிற்கிறதே என்று இவள் பரீட்சை எழுதி அந்த வேலைக்கு வந்தாள். ஈரல் சாசேஜும் பச்சை வெங்காயமும் வைத்த ரொட்டிதான் தினமும் மத்தியானம். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று பேசினால் நமக்குக் கண்ணில் தண்ணீர் வரும். சனிக்கிழமை பௌலிங். பந்து அவள் எடையில் கால்வாசி இருக்கும், ஆனால் ஜெயித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் அவளுக்குத் தம்பி ஒருவன். டுவைட். தலைமுடி நரைத்துவிட்டது, மனசு மட்டும் ஏழெட்டு வயசுப் பிள்ளையோடு நின்றுவிட்டது. அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும், அணைக்க மறந்துவிடுவான். அவள் சாலையில் இருக்கும் நாட்களில் பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்வாள். ஆனாலும் சாயங்காலம் நெல்டாவின் போன் வராவிட்டால் அவன் சாப்பிட மாட்டான். எந்த ஊரில் நின்றாலும் அவளுடைய முதல் வேலை அந்த போன். "டுவைட், இன்னைக்கு என்ன பாத்த?" என்று ஆரம்பிப்பாள். அவன் பார்த்த நாய், பூனை, தபால்காரர் எல்லாரையும் பற்றிப் பொறுமையாகக் கேட்பாள். எங்களிடம் அந்தப் பொறுமையில் அரைக்கால் பங்குகூடக் கிடையாது.

துப்பாக்கி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளை ஏதோ வீராப்புக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். முன்வண்டிக்காரர்கள் மாசத்தில் பாதி நாள் சாலையோர மோட்டலில் படுப்பார்கள். டென்னஸியில் ஒரு மோட்டலில் எவனோ ஒருவன் அவள் அறைக் கதவை உடைக்கப் பார்த்தான். தாழ்ப்பாள் பிய்ந்துவிட்டது. அவள் கட்டிலை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டு, முதுகைக் கொடுத்து, அவன் அலுத்துப் போகும்வரை தாங்கிக்கொண்டு நின்றாள். காலையில் மோட்டல்காரர், "கதவைச் சரியாச் சாத்தலையோ என்னமோ" என்றாராம். ஊருக்குத் திரும்பியவள் நேரே துப்பாக்கி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். "எனக்கு அது புடிக்காது லோவெல்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "ஆனா அது இருந்தா எனக்குத் தூக்கம் வருது. இல்லைன்னா விடியற வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டுக் கிடப்பேன்." அவ்வளவுதான் கதை. எங்களில் ஒருத்தனுக்கும் அதை அவள் எடுத்துக் காட்டியதில்லை. காட்டச் சொன்ன ஹெர்ஷலை, "இதென்ன உன் பேரக் குழந்தை போட்டோவா?" என்று துரத்திவிட்டாள்.

அந்தக் காலத்தில் ஓஹையோவில் ஒரு விதி உண்டு. துப்பாக்கி லைசென்ஸ்காரர் போலீஸ்காரரை எதிர்கொண்டால் தாமே முதலில் சொல்லிவிட வேண்டும். நெல்டா அதையும் அட்சரம் பிசகாமல் செய்வாள். பின்விளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த ஒரு போலீஸ்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "வணக்கம் ஆபீசர், லைசென்ஸ் இருக்கு, துப்பாக்கியும் இருக்கு, வலது இடுப்புல" என்றாளாம். அவர் விளக்கைப் பற்றிச் சொல்ல வந்ததையே மறந்துபோனார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காகித ஆலைக்குப் போகிற ஒரு பெரிய கொதிகலன் என் லாரியில் இருந்தது. இரண்டு தடத்தையும் அடைத்துக்கொள்ளும் அகலம். அந்த அகலத்துக்கு மேரிலாந்தில் போலீஸ் வண்டியும் கூட வர வேண்டும். காலையிலிருந்தே மழை. கிரீன்காஸிலில் வழக்கம்போல நின்றோம். நெல்டா இறங்கிய நேரம் பார்த்து அவள் கார்க் கூரையில் மஞ்சள் விளக்கு நின்றுபோனது. விளக்கு இல்லாமல் முன்வண்டி நகரக்கூடாது. அவள் டிக்கியைத் திறந்து பியூஸ் டப்பாவை எடுத்தாள், மழையில் நனைந்தபடி தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டுக்கொண்டு எதையோ மாற்றினாள், விளக்கு சுழன்றது, டப்பாவை வைத்து டிக்கியைச் சாத்தினாள். எல்லைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த போலீஸ்காரர் ரேடியோவில், "என்னங்க ஆச்சு? இன்னும் கொஞ்சத்துல மழை வலுக்கும், சீக்கிரம் வாங்க" என்றார். நெல்டா ஏறி உட்கார்ந்தாள்.

"பாப்பா தூங்கிட்டா."

நான் கிளம்பினேன்.

நனைந்த கோட்டோடு டிக்கியைத் திறந்து டிக்கியைச் சாத்தியிருக்கிறாள். வருஷக்கணக்காக அந்த இடத்தில் அந்த டிக்கி திறந்து மூடினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கை அதை நம்பியது, வாயும் நம்பியது. துப்பாக்கி இடுப்பிலேயே இருந்தது. எங்களைப் போல ஒரே சாலையில் ஒரே வேலையைச் செய்து தேய்ந்தவர்களுக்குத்தான் இந்த மாதிரித் தப்பு வரும். புதிதாக வந்தவளாக இருந்தால் மறந்திருக்கவே மாட்டாள்.

முதல் பாலம். "தாராளம், வா." இரண்டாவது பாலத்தில் குரல் வரவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே கத்தினேன்.

"நெல்டா! வாயில என்ன கொழுக்கட்டையா? பாலம் என்னாச்சு?"

கொஞ்சம் கழித்துத்தான் பதில் வந்தது. "சரியா இருக்கு. வா."

பாலத்தை அண்ணாந்து பார்க்க முன்னால் சாய்ந்தபோதுதான் துப்பாக்கியின் பிடி அவள் விலாவில் குத்தியிருக்கிறது. அதைப் பிறகு அவளே சொன்னாள். முன்னால் போலீஸ் வண்டி, பின்னால் சாலையையே அடைத்துக்கொண்டு நான். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று அவர் வருவார். ரேடியோவில் சொன்னால் அவரும் கேட்பார். திரும்பிப் போக வழியில்லை. இன்னும் கொஞ்ச தூரம், ஆறு வந்துவிடும், ஆற்றைத் தாண்டினால் குற்றமில்லை. பேசாமல் போய்விடலாம் என்று முடிவு செய்தாள்.

ஆறு வருவதற்குள் ஒரு ரொட்டி வேன் சாலை ஓரத்தில் இறங்கி எங்களை முந்திக்கொண்டு போன கையோடு மழைத் தண்ணீரில் வழுக்கியது. போலீஸ் வண்டிக்கு முன்னால் பம்பரம் மாதிரிச் சுற்றி, இரும்புத் தடுப்பில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்தது. எல்லோரும் நின்றோம். போலீஸ்காரர் ஓடினார். நெல்டா முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் இறங்கி, ஓடினேன் என்று சொன்னால் பொய், என் தொப்பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வேனின் மூக்கு தடுப்புக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அந்த வழியாக உள்ளே போக முடியாது. பின்கதவு கோணிப்போய் ஒரு முழத்துக்குமேல் திறக்கவில்லை. உள்ளே ரொட்டித் தட்டுகளெல்லாம் சரிந்து, அதற்கு நடுவில் ஓட்டுநர் கிடந்தான். தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. "யாராவது வாங்க, யாராவது வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது.

போலீஸ்காரர் நல்ல உயரம், தோள் அகலம். அவர் அந்த இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தார், தோள் போகவில்லை. என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஹெர்ஷல் எங்களுக்குப் பின்னால் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

நெல்டா அந்த இடுக்கைப் பார்த்தாள். தன் கோட்டைப் பார்த்தாள். அவ்வளவு பருமனான கோட்டோடு அதில் நுழைய முடியாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் இன்னும் ஒன்றும் புரியாமல், "கோட்டக் கழட்டு, கழட்டிட்டுப் போ" என்று விரட்டினேன்.

அவள் பட்டன்மேல் கையை வைத்தாள். பிறகு கையை எடுத்து, இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கி, போலீஸ்காரரைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆபீசர், என் வலது இடுப்புல துப்பாக்கி இருக்கு. தோட்டா போட்டிருக்கு. ஓஹையோ லைசென்ஸ், இங்க செல்லாதுன்னு எனக்குத் தெரியும். எடுத்துக்குங்க. நான் உள்ள போகணும்."

அவருடைய கை தன் துப்பாக்கிக்குப் போய்த் திரும்பியது. பிறகு நெருங்கி வந்து, அவள் கோட்டை விலக்கி, அதை எடுத்தார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன். என் உள்ளங்கை அளவு கறுப்புச் சாமான். இதற்காகவா இத்தனை நாள் என் லாரியை நிறுத்தினாய் என்று நினைத்தேன். அடுத்த நொடி விஷயம் உறைத்தது.

"போங்கம்மா" என்றார் அவர்.

நெல்டா கோட்டை என் மேல் விட்டெறிந்துவிட்டு உள்ளே நுழைந்தாள். தகரம் அவள் முதுகைக் கீறியது. போலீஸ்காரர் தன் இடுப்பிலிருந்த ரத்தம் நிறுத்தும் பட்டையை உள்ளே கொடுத்து, எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவள் கட்டினாள். அந்த ஆள் வலியில் அலறினான்.

"கத்து, நல்லாக் கத்து" என்றாள் நெல்டா. "கத்தறவன் சாக மாட்டான். உன் பேரென்ன?"

"மார்வின்."

"மார்வின், உன் ரொட்டி பூரா என் தலைமேல விழுது. இவ்ளோ மெத்துனு ரொட்டி எவன் திங்கறான்?"

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தகரத்தை வெட்டி எடுக்கும்வரை அவள் அவனை அப்படிப் பேசவைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்தபோது முழங்கைவரை ரத்தம். போலீஸ்காரர் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கைகளில் ஊற்றினார். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார். அவள் துடைத்து முடித்ததும் விலங்கை எடுத்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யோவ், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இப்ப என்ன நடந்துதுன்னு நீ பாக்கல?"

"பாத்தேன் சார்" என்றார் அவர். "ரெண்டையும்தான் பாத்தேன்."

"லோவெல், வாய மூடு" என்றாள் நெல்டா. "அவர் வேலைய அவர் பாக்கறார். ஹெர்ஷல எனக்குப் பதிலா முன்னாடி விடு. ஆத்துப் பாலம் தாண்டி அடுத்த பாலம் கொஞ்சம் தாழ்வு, கம்ப நிமித்தி வைக்கச் சொல்லு. அப்புறம்..."

விலங்குக்குக் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"சாயங்காலம் டுவைட்டுக்கு நீ போன் போடு. நான் வேலைல இருக்கேன்னு சொல்லு."

அன்று சாயங்காலம் போன் போட்டேன். "நெல்டா எங்க?" என்றான் டுவைட். வேலையில் இருக்கிறாள் என்றேன். "அப்ப நான் அப்புறமா சாப்புடறேன்" என்று போனை வைத்துவிட்டான். அந்த மனுஷனைச் சாப்பிடவைக்கப் பக்கத்து வீட்டு அம்மாள் பட்ட பாடு சொல்லி மாளாது.

ஜாமீனில் அவள் மறுநாள் வந்துவிட்டாள். ஆனால் வழக்கு நின்றது. குற்றம் உறுதியானால் மூன்று வருஷம்வரை உள்ளே தள்ளலாம். உள்ளே போனால் டுவைட்டை அரசாங்க விடுதியில் சேர்த்துவிடுவார்கள். பழக்கமில்லாத கட்டிலில் படுக்கச் சொன்னாலே தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறவன் அவன். வருஷக்கணக்கில் அங்கே இருந்தால் அவன் என்ன ஆவான் என்று நெல்டாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவளுடைய வக்கீல் ஆட்ரி வான்ஸ் என்கிற நடுத்தர வயசுப் பெண்மணி. நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் விசாரணைக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஆட்ரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நெல்டா, நீங்க என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. இந்த வழக்கு எதுல நிக்குதுங்கறத மட்டும் சொல்றேன். துப்பாக்கி இடுப்புல இருக்குன்னு தெரிஞ்சே வண்டி ஓட்டினீங்களாங்கறதுதான் கேள்வி. கோட்டுல கை வைக்கிறப்பதான் தெரிஞ்சுதுன்னா, அரசு வக்கீல் கையில ஒண்ணும் இல்ல. எப்பத் தெரிஞ்சுதுங்கறது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுத் தன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரே ஒரு வாக்கியம். வீட்டுக்குப் போய்விடலாம். நெல்டா ரொட்டியிலிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தை அவள் ஒதுக்கி நான் பார்த்ததே இல்லை.

நீதிமன்றத்தில் முதலில் அந்தப் போலீஸ்காரர் ஏறினார். துப்பாக்கியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டார்.

"நான் கண்டுபிடிக்கல சார். அவங்க சொன்னாங்க."

ஆட்ரி எழுந்தார். "அவங்க சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"சொல்லாம இருக்கணும்னா அவங்க வேனுக்குள்ள போகாம இருந்திருக்கணும்" என்றார் அவர். "அதுக்கு அவங்க மனசு ஒப்பல."

அடுத்து நெல்டா. சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கடவுளே, இந்த ஒரு தடவை இவளுக்குக் கொஞ்சம் பொய் சொல்ல வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"துப்பாக்கி உங்க இடுப்புல இருக்குன்னு எப்பத் தெரிஞ்சுது?" என்றார் அரசு வக்கீல்.

"ரெண்டாவது பாலத்துக்கு அடியிலங்க. எல்ல தாண்டிக் கொஞ்ச தூரத்துல."

ஆட்ரி கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கப்புறமும் வண்டிய ஓட்டினீங்க?"

"ஓட்டினேங்க."

"ஏன்?"

"கொஞ்ச தூரந்தானே, யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

நீதிபதி வயசானவர். அவர் முன்னால் சாய்ந்தார். "அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். அந்த வேன் கவிழாம இருந்திருந்தா, யாருகிட்டயாவது இதச் சொல்லியிருப்பீங்களா?"

இந்தக் கேள்விக்காவது ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? நெல்டா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், பாவி.

"இல்லைங்க ஐயா. பேசாமத் தாண்டிப் போயிருப்பேன்."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எல்லோரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்.

நடைபாதையில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

"ஒரு பொய் சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்? டுவைட்ட நினைச்சுப் பாத்தியா நீ?"

"பாத்தேன்" என்றாள். "ராத்திரி பூரா அதத்தான் பாத்தேன். வேற எதையும் பாக்கல."

"அப்புறமும் ஏன்?"

அவள் பதில் சொல்வதற்குள் கைத்தடியின் சத்தம் கேட்டது. மார்வின். எங்களுக்கு முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான்.

"அம்மா, என்னால உங்களுக்கு இப்படி ஆயிடுச்சே. நீங்க கொஞ்சம் மாத்திச் சொல்லியிருந்தாலும் யாரும் உங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க."

நெல்டா அவன் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நான் பொய் சொல்லித் தப்பிச்சிருந்தா, உன் உசுரக் காட்டித்தான் தப்பிச்சிருப்பேன் மார்வின். 'இவனக் காப்பாத்தக் கோட்டக் கழட்டப் போனப்பதான் தெரிஞ்சுது, என்ன விட்டுடுங்க'ன்னு. அப்புறம் உன்ன எங்கயாவது பாத்தா நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போகணும். எனக்கு அது வேணாம்."

மார்வின் அழுதான். அவளுக்கும் கண் கலங்கியது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்தப் பெண்ணைவிடச் சுத்தமான ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.

கூப்பிட்டார்கள், உள்ளே போனோம். தெரிந்தே வண்டி ஓட்டியது தப்பு, அதை இல்லையென்று சொல்ல முடியாது என்றார் நீதிபதி. குற்றவாளி என்று பதிவு செய்யாமல் ஒரு வருஷம் கண்காணிப்பில் விடுகிறேன். துப்பாக்கி திரும்பக் கிடைக்காது. அந்த ஒரு வருஷம் வேறு துப்பாக்கியும் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறை இல்லை.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுதுங்க."

"மோட்டல்ல தங்கற வேலைன்னு உங்க வக்கீல் சொன்னாங்க. சமாளிச்சுக்குவீங்களா?"

"தூக்கம் வராதுங்க" என்றாள் நெல்டா. "வேலைக்குப் போவேன்."

வெளியே வந்தோம். ஆட்ரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இனிமேல் உங்களை மாதிரி ஆட்களுக்கு நான் வழக்காடவே மாட்டேன், என் உடம்பு தாங்காது என்றார். நெல்டா சிரித்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தப்பாக அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"டுவைட்? நான்தான். இல்லடா, எங்கயும் போகல. வீட்டுக்குத்தான் வரேன். சாப்பாட்டுக்கு வந்துடுவேன், நீ தட்ட எடுத்து வை."